வெடிப்பை அளந்த வகுப்பு

1

நாங்கள் இங்கிலாந்தில் வந்து இறங்கிய தேதி போன மாதம் மறுபடியும் வந்து போனது. மனைவி சுதா சின்னதாக ஒரு கேக் வாங்கி வந்திருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அதை வெட்டினாள். மகள் நிலானி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "ஹேப்பி எனிவர்சரி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

"கொண்டாடுறதா, அழுறதா?" என்று சுதா கேட்டாள்.

"கேக் நல்லா இருக்கு. சாப்பிடு" என்றேன். வேறு என்ன சொல்வது?

எங்களுக்கு விசா கிடைத்தது சுதாவின் வேலையால். நான் அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த கணக்கு வாத்தியார். ஊரில் யாராவது கேட்டால், இங்கேயும் பாடசாலையில்தான் வேலை என்கிறேன். அது பொய்யில்லை. வகுப்பில் ஆசிரியைக்குப் பின்னால் நிற்பேன். அவர் கண் காட்டினால் அலுமாரியைத் திறந்து பெட்டிகளை எடுத்துக் கொடுப்பேன். பாடம் முடிந்ததும் சிந்திக் கிடப்பதைப் பொறுக்கி அடுக்குவேன். என் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ஆங்கிலப் பரீட்சை எழுது, பாடவிதானத்தை மொழிபெயர்த்துக் கொடு, பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாகக் கடிதம் அனுப்பச் சொல் என்கிறார்கள். எழுதினேன், கொடுத்தேன், சொன்னேன். கடிதம் வந்து சேர்ந்ததா என்று கேட்டால், உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வருகிறது.

முதல் வாரத்தில் ஒரு பிள்ளையிடம், உன் "ஃபுட் ரூலரை" எடு என்றேன். நம் ஊரில் அடிமட்டத்தை ஆங்கிலத்தில் அப்படித்தானே சொல்வோம்! பிள்ளை குனிந்து மேசைக்குக் கீழே தன் காலைப் பார்த்தது. வகுப்பே சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் அவமானமாக இருந்தது.

கேக் சாப்பிட்ட அன்று, கண்டிக்கு மேலே மலையில் இருக்கும் ஹந்தானையிலிருந்து ரிஸ்மியா டீச்சரின் குரல் பதிவு வந்தது. நான் விட்டு வந்த தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இப்போது கணிதம் எடுப்பவர் அவர்தான். அதைக் கேட்ட பிறகு எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது. நல்ல செய்தி இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2

இங்கே எங்கள் வகுப்பில் இருக்கும் சாமான்களைப் பார்த்தால் நம் ஊர் ஆசிரியர்களுக்கு வயிறு எரியும். எண்ணுவதற்குக் கட்டைகள், பின்னத்துக்கு வெட்டிய வட்டங்கள், தராசுகள், அளவுச் சாடிகள், மணல்கூடப் பெட்டியில் இருக்கிறது. பிள்ளைகள் எடுத்து விளையாடிவிட்டு எறிகிறார்கள். தொலைந்தால் யாரும் கேட்பதில்லை. அடுத்த வாரம் புதுசு வரும்.

ஹந்தானையில் எங்களுக்கும் ஒரு பெட்டி இருந்தது. கல்வித் திணைக்களம் கொடுத்த கணித உபகரணப் பெட்டி. அது பாடசாலை அதிபரின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. ஏன் பூட்ட வேண்டும் என்றால், அது இன்வென்ட்ரியில் ஏறிய சாமான். வருஷக் கணக்கெடுப்பில் ஒரு கட்டை குறைந்தாலும் அதிபர் விளக்கம் எழுத வேண்டும். பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மேலிருந்து யாராவது பார்வையிட வந்தால் சாவி வெளியே வரும். நாங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, வர்ணத்தாள் ஒட்டி, பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைப்போம். ஒருமுறை ஒரு பெண்பிள்ளை என் சட்டையை இழுத்து, "சேர், இன்னைக்கு தொடலாமா?" என்று கேட்டாள். வந்தவர் போன பிறகு தொடலாம் என்றேன். வந்தவர் போனதும் அதிபர் எண்ணி எடுத்துப் பூட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. இன்வென்ட்ரியில் ஏறாத சாமானை வைத்தே பாடம் நடத்துவது என்று. தண்ணீர் கொட்டும் பீலியில் வாளியை வைத்து அது நிரம்பும் நேரத்தைப் பார்த்து வீதம் படித்தோம். கூரைத் தகரத்தின் நெளிவுகளை எண்ணிப் பெருக்கல் செய்தோம். பாகைமானியில் நூலும் கல்லும் கட்டி, பள்ளத்தில் தெரியும் கண்டி டவுனின் கோபுரங்களை எத்தனை பாகை கீழே பார்க்கிறோம் என்று அளந்தோம். படித்திறன் என்ற பாடத்துக்கு மட்டும் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. கண்டி ஆஸ்பத்திரியைத் தாண்டி ஹந்தானைக்கு ஏறுகிற எவனுக்கும் அது மூட்டு வலியாகவே தெரியும். ஏற்றத்தைக் கிடைத்தூரத்தால் வகுத்தால் படித்திறன். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போகும் படிகளில் நூல் பிடித்து ஒவ்வொரு படியாக அளந்தார்கள். கொப்பியைத் திறக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவர்கள்கூட ஓடி ஓடி அளந்தார்கள்.

நான் நல்ல ஆசிரியனாக இருந்த இடம் அதுதான். இனி அப்படி ஒரு இடம் எனக்குக் கிடைக்காது. சம்பளமில்லா லீவில் வந்தவன் நான். லீவு முடிவதற்குள் திரும்பு அல்லது விலகு என்று கடிதம் வந்திருக்கிறது. சுதாவோ நிலானியோ திரும்ப மாட்டார்கள். ஆகவே நானும் மாட்டேன்.

3

இந்த வருஷம் இரண்டாம் தவணை தொடங்கும்போது ரிஸ்மியா டீச்சர் கூப்பிட்டார். மடவளையில் வீடு. இரண்டு பஸ் ஏறி, பிறகு நடந்து பாடசாலைக்குப் போகிறவர். நல்ல உழைப்பாளி, கொஞ்சம் பதற்றக்காரி.

"சேர், தரம் ஒன்பதுக்கு வரைபு எடுக்கணும். புள்ளைகள் தாளப் பாத்தாலே முகத்தச் சுழிக்கிறாங்க. ஏதும் கையால செய்ற மாதிரி ஒண்டு சொல்லுங்களே" என்றார்.

எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நிலானி பாடசாலையில் வரைந்த ஒரு வரைபு ஒட்டியிருந்தது. போஞ்சி விதை போட்டு, வாராவாரம் செடியின் உயரத்தை அளந்து புள்ளி வைத்தது. நான் அதைப் பார்த்தபடியே சொன்னேன். போஞ்சி போடுங்கள், வளர்வதை அளக்கச் சொல்லுங்கள். கிடை அச்சில் வாரம், நிலைக்குத்து அச்சில் உயரம். செலவில்லாத பாடம்.

போஞ்சி முளைத்து இரண்டு இலை விட்டதும் குரங்குகள் வந்து தின்றுவிட்டன. மறுபடி போட்டார்கள். மறுபடி தின்றன. ஹந்தானையில் குரங்கு இருப்பதை மறந்து இங்கிலாந்துக் கதவைப் பார்த்துப் பாடம் சொன்ன புத்திசாலி நான். ரிஸ்மியா டீச்சர் சிரித்துக்கொண்டே, இனி என்ன செய்வது என்று வகுப்பில் கேட்டிருக்கிறார். குரங்கு தின்னாத, ஆனால் வளர்கிற ஏதாவது ஒன்று வேண்டும்.

அப்போது பவித்ரா என்ற பிள்ளை எழுந்து, "டீச்சர், எங்க லயத்துக்கு மேல வெடிப்பு இருக்கு. அது வளருது" என்றாள்.

மேல் லயத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவில், முன்பு பெய்த பெருமழைக்குப் பிறகு நிலத்தில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. தேயிலைச் செடிகளுக்கிடையில் நீளமாகப் போகிறது. அதற்குக் கீழேதான் பவித்ராவின் குடும்பம் இருக்கும் தொங்கல் காம்பிரா, லயத்தின் கடைசி அறை. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறார், அம்மா கொழுந்து எடுக்கிறார், இரண்டு தம்பிகள். வெடிப்பு விழுந்த நேரத்தில் எல்லாரையும் பாடசாலை மண்டபத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மண்டபத்துக்குள் சேலையைக் கட்டி அறை பிரித்து, பல மாதம். பிறகு மழை விட்டது, ஆபத்து இல்லை என்று யாரும் எழுதித் தரவில்லை, ஆனால் அரிசி கொடுப்பதை நிறுத்தினார்கள். சனங்கள் தாங்களாகவே லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

அதை எப்படி அளப்பது என்று ரிஸ்மியா டீச்சர் என்னிடம் கேட்டார். நான்தான் முறையைச் சொன்னேன். வெடிப்புக்கு மேலே ஒரு மர முளை, கீழே ஒரு மர முளை. சவுக்கு மரத்தில் சீவி ஆழமாக அடியுங்கள். தலையில் ஆணி. வெள்ளிக்கிழமை தோறும் ஆணிக்கும் ஆணிக்கும் இடையிலுள்ள தூரத்தை நாடாவால் அளந்து புள்ளி வையுங்கள்.

முதல் படம் வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷப்பட்டேன். சீருடையில் சேறு அப்பிய பிள்ளைகள், நாடாவின் இரண்டு முனையிலும் இரண்டு பேர், நடுவில் பவித்ரா குனிந்து வாசிக்கிறாள். இவ்வளவு சாமான் இருக்கும் என் இங்கிலாந்து வகுப்பில் ஒரு பிள்ளையின் முகத்திலும் அந்தக் கவனத்தை நான் பார்த்ததில்லை. இதுதான் பாடம் என்று ரிஸ்மியா டீச்சருக்கு எழுதினேன்.

4

கோடு ஏறியது.

ஒவ்வொரு வெள்ளியும் கொஞ்சம். சில வாரம் ஒரு மயிரிழை, மழை பெய்த வாரம் விரல் தடிப்பு. சுவரில் ஒட்டிய வரைபுத்தாளில் புள்ளிகளைச் சேர்த்து, படித்திறன் எவ்வளவு என்று கண்டுபிடித்தார்கள். பாடம் அருமையாக நடந்தது. பிறகு பாடப்புத்தகம் சொல்கிறபடி, கோட்டை நீட்டி அடுத்த மாதப் பெறுமானத்தை மதிப்பிடுங்கள் என்றார் டீச்சர். பிள்ளைகள் அடிமட்டம் வைத்து நீட்டினார்கள். கோடு தாளின் மேல் விளிம்பில் முட்டி நின்றது.

பவித்ரா கேட்டிருக்கிறாள்: "டீச்சர், எவ்வளவு ஆனா விழும்?"

ரிஸ்மியா டீச்சர் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். இங்கே காலை மணி அடிக்கும் நேரம், நான் விளையாட்டு மைதானத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பந்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"சேர், நான் என்னத்த சொல்ற? புத்தகத்துல விடை இல்லையே!"

எனக்கும் தெரியாது. அது கணக்கு வாத்தியாருக்குத் தெரிகிற விஷயம் இல்லை. தெரிந்தவர்களிடம் கொண்டுபோங்கள் என்றேன்.

கொண்டுபோனார். வரைபுத்தாளைச் சுருட்டிக்கொண்டு கண்டியில் மண்சரிவு பார்க்கிற ஒரு அலுவலகத்துக்குப் போய், காலையிலிருந்து காத்திருந்து, ஒரு அதிகாரியைச் சந்தித்தார். நல்ல மனிதராம். கதிரை போட்டு உட்காரச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளைப் பாராட்டியிருக்கிறார். கருவி வைத்து அளக்கிற ஆட்கள் குறைவு, இடங்கள் அதிகம், வரிசைப்படி வருவோம், அதுவரை அளப்பதை விடாமல் செய்யுங்கள், தொடர்ச்சியாக இருந்தால் எங்களுக்கும் உதவும் என்று சொல்லி அனுப்பினார்.

"மாத்து இடம் குடுப்பாங்களா எண்டு கேட்டன் சேர். காணி தோட்டத்துக்குச் சொந்தம், லயமும் தோட்டத்துக்குச் சொந்தம், அது வேற அலுவலகமாம். அங்க போனா, ஆபத்து எண்டு இவங்க எழுதித் தந்தாத்தான் பேசலாமாம்."

இரண்டு அலுவலகங்களுக்கு இடையில் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும். என் பட்டமும் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறது. ஆனால் என் பட்டத்துக்குக் கீழே யாரும் படுத்துத் தூங்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நான் இதைச் சுதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நிலானி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேசத்தான் மாட்டாள்.

"வை டோன்ட் தே ஜஸ்ட் மூவ்?" என்றாள்.

ஏன் அவர்கள் வேறு வீட்டுக்குப் போகக் கூடாது? நான் விளக்கத் தொடங்கினேன். அந்த வீடு அவர்களுடையது இல்லை. வேலை இருந்தால்தான் வீடு. வீட்டைவிட்டுப் போனால் வேலை தூரம். வேறு இடத்தில் ஒரு துண்டு நிலம் வாங்க அவர்களால் ஏலாது. நிலானி பொறுமையாகக் கேட்டாள். "தட்ஸ் நாட் ஃபேர்" என்றாள். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். என் தாத்தாவும் புசல்லாவையில் அப்படி ஒரு காம்பிராவில் பிறந்தவர் என்று நான் சொல்ல நினைத்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டாள். அவளிடம் கோபமில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. அவள் படிக்கும் நாட்டில் அதற்கு விடை இருக்கிறது.

5

வீட்டுப்பாடத்தில் நிலானிக்கு உதவுவதை நான் நிறுத்திவிட்டேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "கிரேடியன்ட்" என்று அவள் சொல்வதற்கு நம் மொழியில் என்ன பெயர் தெரியுமா என்று ஒருநாள் கேட்டேன். படித்திறன் என்றேன். அதை அவளால் உச்சரிக்க முடியவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு நான் கணக்கைச் செய்துகாட்டினால், எங்கள் டீச்சர் இப்படிச் செய்வதில்லை, இது பழைய முறை என்கிறாள். பெற்றோர் சந்திப்பில் அவளுடைய ஆசிரியை என்னிடம், நீங்களும் பாடசாலையில் உதவி செய்கிறீர்களாமே, சமையலறையிலா என்று அன்பாகக் கேட்டார். நிலானி பக்கத்தில் இருந்தாள். அவள் திருத்தவில்லை. நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு வெள்ளிக்கிழமைகள் மட்டும் மிச்சமிருந்தன. அன்று ஹந்தானையிலிருந்து புள்ளி வரும். அந்தப் புள்ளியை நானும் ஒரு தாளில் வைப்பேன். அது எந்த அளவுக்குப் பயங்கரமான புள்ளி என்று தெரிந்துகொண்டே, அதற்காகக் காத்திருப்பேன்.

6

ஆகஸ்ட் விடுமுறையில் கோடு ஏறுவதை நிறுத்தியது.

விடுமுறையில் ரிஸ்மியா டீச்சர் மலைக்குப் போவதில்லை. பிள்ளைகள் அங்கேயே இருப்பவர்கள்; அவர்களே அளந்து பவித்ராவின் அப்பாவின் தொலைபேசியிலிருந்து அனுப்பினார்கள். முதல் வாரம் அதே அளவு. அடுத்த வாரமும் அதே அளவு. பிறகும் அப்படியே. கோடு மட்டமாகப் போனது. பாடசாலை தொடங்கிய பிறகும் மாற்றமில்லை.

"அல்ஹம்துலில்லாஹ் சேர், நிண்டுட்டு!" என்று ரிஸ்மியா டீச்சர் சத்தமாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எனக்கும் கண் கலங்கியது. மண் இறுகிவிட்டது, வேர் பிடித்துவிட்டது என்று நானாகவே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். இத்தனை வருஷம் கணக்குப் படிப்பித்தவன், இரண்டு நல்ல மழைக்குப் பிறகும் ஒரு மயிரிழைகூட மாறாத அளவைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்பட எனக்கு விருப்பமில்லை.

அந்த நேரம் பார்த்து அந்த அதிகாரி வந்தார். வரிசை வந்துவிட்டது. பாடசாலையில் வரைபைப் பார்த்தார், படம் எடுத்தார், மேலே போய் வெடிப்பையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அது புல் மூடிக் கிடந்தது. அசைவு நின்றிருக்கிறது, நல்லது, இதைவிட அவசரமான இடங்கள் இருக்கின்றன என்று சொல்லி, அப்படியே எழுதிக்கொண்டு போனார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் காட்டியதை அவர் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள் ரிஸ்மியா டீச்சர் தானே மேலே ஏறிப் போனார். வகுப்பை முளைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, கணித தினத்துக்கு ஒட்டலாம் என்ற ஆசை. போனவர் கீழ் முளைக்குப் பக்கத்தில் மண்ணைப் பார்த்தார். முளைக்கும் பள்ளத்துக்கும் இடையில் வரிசையாகக் குழிகள். புது மண் போட்டு, மிதித்து, மேலே தேயிலைச் சருகு பரப்பியிருந்தது.

வெடிப்பு விரிய விரியப் பிள்ளைகள் கீழ் முளையைப் பிடுங்கி, விரிந்த அளவுக்கு மேலே தள்ளி அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாரமும்.

அன்றைக்கு அங்கே நடந்ததை ரிஸ்மியா டீச்சர் அழுதழுது சொன்னார்.

"ஏன் பொய் எழுதின எண்டு கேட்டன் சேர். பவித்ரா என்னெ நேராப் பாத்து, 'பொய் எழுதல டீச்சர், அளந்ததத்தான் எழுதினோம்' எண்டு சொல்றா. நான் என்ன செய்ற? அவ சொல்றது சரி. ஆணிக்கும் ஆணிக்கும் அளந்துதான் இரிக்கி. ஏன் முளையப் புடுங்கின எண்டு கேட்டன். 'வெள்ளிக்கிழமையானா அம்மா கொழுந்த நிறுத்துக் குடுத்துட்டு வந்து முதல்ல அளவைக் கேக்குறாங்க டீச்சர். கூடியிருக்குன்னா சோறு திங்க மாட்டாங்க. தம்பிகளக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க. அளவு கூடாட்டி சிரிக்கிறாங்க' எண்டு சொல்றா. மத்தப் புள்ளைகள் எல்லாம் தலையக் குனிஞ்சிட்டு நிக்கிறாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிரிக்கி சேர். எல்லாரும் சேந்துதான் செஞ்சிரிக்காங்க."

இன்னொரு பையன் சொன்னானாம், கோடு ஏறினால் மறுபடி மண்டபத்தில் கொண்டுபோய்ப் போடுவார்கள், பாடசாலையும் நடக்காது, வீடும் இருக்காது என்று. அதுவும் உண்மைதான்.

என் பிள்ளைகள் என்று இன்னும் சொல்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்கு நான் படிப்பித்ததுகூட இல்லை. ஆனால் கணக்கு என்பது வெளியே எங்கேயோ இருப்பதல்ல, நீங்கள் உங்கள் கையால் செய்வது என்று அந்தப் பாடசாலையில் முதலில் சொன்னவன் நான். அவர்கள் கையால் செய்தார்கள்.

7

முளையைப் பழைய இடத்தில் அடியுங்கள் என்றேன். குழிகள் இருந்ததால் பழைய இடம் தெரிந்தது. அடித்து அளந்தார்கள். நின்றுவிட்டதாக நினைத்த இடத்திலிருந்து கோடு செங்குத்தாக ஏறி, தாளைத் தாண்டிப் போயிருந்தது. இன்னொரு தாளை மேலே ஒட்ட வேண்டியிருந்தது.

ரிஸ்மியா டீச்சர் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி கண்டிக்குப் போனார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அதே அதிகாரி, அதே கதிரை. அவர் ஒட்டிய தாளை மேசையில் விரித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், முளை இடம் மாறியிருந்தா அந்த அளவு ஒண்டையும் நாங்க எடுக்க ஏலாதே. முதல்ல எடுத்ததையும் இனி எப்படி நம்புறது? நாங்களே வந்து புதுசா வைக்கணும்" என்றாராம். எப்போது என்று கேட்டதற்கு, போன மாதம்தானே வந்துபோனோம், இனி அடுத்த சுற்றில்தான் என்றாராம். டீச்சர் சண்டை பிடித்திருக்கிறார். பதற்றக்காரி என்று எழுதினேன் அல்லவா, அந்த மனுஷி ஒரு அலுவலகத்தில் நின்று கத்தியிருக்கிறார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

இந்தச் செய்திதான் கேக் வெட்டிய அன்று வந்தது. அங்கே ஐப்பசி மழை அப்போதே தொடங்கியிருந்தது.

போன சனிக்கிழமை காலை நான் வட்ஸ்அப்பில் வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே பின்னேரம். ரிஸ்மியா டீச்சர் தன் வீட்டிலிருந்து பாண், பால்மா, ஒரு பெரிய தார்ப்பாய் எல்லாம் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போயிருந்தார். மழை இரைச்சலில் பாதி கேட்கவில்லை. தொலைபேசியைப் பவித்ராவிடம் கொடுத்தார். நான் அந்தப் பிள்ளைக்குப் படிப்பித்ததில்லை, கிட்டத்தில் முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மெலிந்த முகம், நெற்றியில் திருநீறு, ஈரத் தலை.

"சேர், சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன்மா. மழை பலமா?"

"பலந்தான் சேர்."

நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். மழை விடும்வரை இரவில் அங்கே படுக்க வேண்டாம், பாடசாலைக்குப் போய்விடுங்கள் என்றேன்.

"மண்டபம் பூட்டியிருக்கு சேர். ஆபத்து இல்லைன்னு எழுதியிருக்காம், அதனால தொறக்க ஏலாதாம்."

கோயிலுக்குப் போங்கள் என்றேன். கோயில் இன்னும் சரிவில் இருக்கிறது என்றாள். கீழ் லயத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லையா என்றேன். அங்கே ஒரு காம்பிராவில் ஏற்கெனவே இரண்டு குடும்பம் இருக்கிறது என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அவர்கள் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டார்கள். நான் இங்கே கோட்டு போட்டுக்கொண்டு, சூடாக்கிய அறைக்குள் இருந்துகொண்டு, அவர்கள் எப்போதோ யோசித்துத் தள்ளிவிட்டதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் யோசித்து வைத்திருந்த இடங்கள் முடிந்துவிட்டன. அது அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்க வேண்டும். வயதில் பெரியவள் பேசுவது மாதிரி என்னைத் தேற்றத் தொடங்கினாள்.

"நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க சேர். அப்பா நேத்து மேல போனாரு. முளை ரெண்டையும் இன்னும் ஆழமா அடிச்சு, சுத்திக் கல்லு வச்சு சீமெந்து போட்டாரு. பெறகு முள்ளுக்கம்பிய நாலு மடிப்பா எடுத்து, மேல் முளையையும் கீழ் முளையையும் சேத்து இழுத்துக் கட்டிட்டாரு. நானும் புடிச்சேன். நல்ல இறுக்கம்."

"சரிம்மா" என்றேன்.

"இனிமே விரியாது சேர்."